நெஞ்சுவலி அக்கா போட்ட மார்க்

துணிக்கடையின் பின்னறையில் கால்சட்டை நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும்தான் அவளுடைய பிழைப்பு. ஆனால் மருத்துவக் கல்லூரியில் வாட்ச்மேனிலிருந்து முதல்வர் வரைக்கும் அவளுக்கு ஒரே பெயர்தான்: நெஞ்சுவலி அக்கா. வருடத்தில் மூன்று நாள், சேர்க்கைத் தேர்வு நடக்கும்போது, அங்கே போய்க் கட்டிலில் படுத்து நெஞ்சுவலிக்காரியாக நடிப்பாள். டாக்டராக ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அவளிடம் எட்டு நிமிடம் பேசவேண்டும். பேசி முடித்ததும் அக்கா ஒரு தாளை எடுத்துப் பத்துக் கட்டங்களில் டிக் போடுவாள். பதினோரு வருடமாக வலித்தும் ஒரு குறையுமில்லாத நெஞ்சு அது.

தாள் விஷயத்தில் அக்கா படு கறார். உன் பெயரைச் சொன்னாயா, ஒரு மார்க். வலி எங்கே, எப்போதிலிருந்து என்று வரிசையாகக் கேட்டாயா, இன்னும் இரண்டு. கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொன்னாயா, அதற்கொன்று. சொல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் கிடையாது.

“என்கிட்ட ஏழை பணக்காரன் பேதமே கிடையாது. தாள்ல இருக்கிறதுதான் சட்டம்” என்று கடையில் பெருமையடித்துக்கொள்வாள்.

இந்த வருடம் தேர்வுக்கு நான்கு மாதம் முன்னால் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. டாக்டர் வீட்டுப் பிள்ளைகளே திரும்பத் திரும்ப டாக்டராகிறார்கள், ஒரு டாக்டரைக்கூட அனுப்பாத பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வரட்டும் என்று ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். வந்தவள் அதன் பொறுப்பில் இருந்த இளம் டாக்டர், அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவள். லேப்டாப்பைத் திருப்பிவைத்து, அக்காவின் அறையில் மூன்று வருடம் முன்பு எடுத்த நான்கு வீடியோக்களைப் போட்டாள்.

“அக்கா, தாளை மறந்துடுங்க. நிஜமாவே உங்களுக்கு நெஞ்சு வலிக்குதுன்னு வெச்சுக்கங்க. இவங்கள்ல யார் வந்தா நல்லாயிருக்கும்?”

முதல் மூன்று பேர் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். நான்காவதாக ஒரு பெண். சட்டைக் கையைப் பிரித்து நீளமாக்கித் தைத்திருந்த தையலில்தான் அக்காவின் கண் முதலில் போய் நின்றது. அந்தப் பெண் பெயரைச் சொல்ல மறந்தாள். கட்டிலில் கிடந்தவளைப் பார்த்ததும் ஓடிவந்து தலையணையை உயர்த்தினாள். “அம்மா, எழுந்திருக்காதீங்க. கூட யாராவது வந்திருக்காங்களா? வீட்டுக்குச் சொல்லணுமா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் அக்காவின் நாடியில் இருந்தன. பிறகு என்ன நினைத்தாளோ, கதவைத் திறந்து, “யாராவது பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க!” என்று கத்திக்கொண்டே வராந்தாவில் ஓடினாள். இது நடிப்பு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. பிடித்துக் கூட்டிவருவதற்குள் மணி அடித்துவிட்டது.

“இவதான்! சந்தேகமே இல்ல” என்றாள் அக்கா.

டாக்டர் பழைய தாளை எடுத்து வைத்தாள். பத்துக்கு மூன்று. கீழே அக்காவின் கையெழுத்து.

“மொத்தத்துல ஒரே ஒரு மார்க்கு குறைஞ்சு சீட் போச்சு அக்கா. அந்த ஸ்கூல்லேருந்து இதுவரைக்கும் மனு போட்டது அவ ஒருத்திதான்.”

அக்காவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த ஓட்டத்தை அவள் கடையில் ஒரு வருடம் முழுக்க நடித்துக் காட்டியிருக்கிறாள்! அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவளும்தான் சிரித்தாள். அடிப்பாவி, உனக்காக ஓடிய பிள்ளையடி அது!

“இப்ப மாத்திப் போட முடியாதா டாக்டர்?”

“போட்டது போட்டதுதான். ஆனா திட்டத்துல அவளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கோம், நாங்களே பயிற்சி கொடுக்கிறோம். வயசு வரம்பு இருக்கு, இதான் அவளுக்குக் கடைசித் தடவை. தாள் மட்டும் அதே தாள்தான். கமிட்டி அசைஞ்சு கொடுக்கல.”

தேர்வு நாளில் ஒன்பதாவதாக அவள் வந்தாள். கதவைத் தட்டி, நின்று, பெயர் சொல்லி, அனுமதி கேட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வலி எங்கே? எப்போதிலிருந்து? கைக்குப் பரவுகிறதா? ஒரு கேள்வி பிசகவில்லை. அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. தாளில் இல்லாததெல்லாம் செய்தாள். மூச்சு வாங்கினாள், முனகினாள், தலையைத் தலையணையிலிருந்து சரியவிட்டாள். பாரேன் கண்ணு, என்னைப் பாரேன்!

அந்தப் பெண்ணின் கை எழுந்தது. பாதி தூரம் வந்தது. கண் கடிகாரத்துக்குப் போனது. கை மடிக்குத் திரும்பியது.

“நீங்கள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்” என்று தொடங்கினாள்.

அவள் போனபின் அக்கா தாளை எடுத்தாள். பத்துக் கட்டம், பத்து டிக். ஒன்றைக்கூடக் குறைக்க வழியில்லை, குறைக்க மனமும் இல்லை. இடைவேளையில் டாக்டர் உள்ளே எட்டிப்பார்த்துத் தாளைப் புரட்டினாள். முகம் மலர்ந்துபோயிற்று.

“பத்துக்குப் பத்தா! அவளுக்குக் கிடைச்சிரும் அக்கா, நிச்சயம் கிடைச்சிரும். அட, என்னக்கா, எதுக்கு அழுவுறீங்க?”

“கிடைக்கட்டும் டாக்டர், நல்லா இருக்கட்டும்” என்றாள் அக்கா. “ஆனா அவ என்னைத் தொட வந்தா. தொட்டா மார்க் போயிடும்னு பயந்து கையை எடுத்துக்கிட்டா. அந்தப் பயத்தைக் கொடுத்தது நான்தானே?”