செல்ஃப் எடுக்காத வண்டி

நஞ்சுண்டன் எனக்கு எதிர்வீடு. டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் அவரைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லாத புண்ணியவான் என்று அர்த்தம். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பதவி. அங்கே எது படுத்துக்கொண்டாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவர் நிதானமாக ஒரே கேள்வி கேட்பார்: "கடைசியா என்னப்பா சேஞ்ச் பண்ணீங்க?" எதிராளி திருதிருவென்று விழிப்பான். அந்த ஒரு கேள்வியை வைத்தே புரமோஷன் மேல் புரமோஷன் வாங்கிய மனுஷன்.

அப்பேர்ப்பட்டவருடைய மோட்டார் சைக்கிள் அக்டோபரிலிருந்து கிளம்பவில்லை. பொத்தானை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. லைட் எரியும், ஹாரன் அடிக்கும், ஆனால் வண்டி நகராது. வீட்டு லோன், பிள்ளையின் காலேஜ், மாமனாரின் ஆபரேஷன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தனக்கென்று அவர் ஆசையாக வாங்கிய ஒரே பொருள் அது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஆனால் அது கராஜில் பாதியை அடைத்துக்கொண்டதால் அவர் மனைவி விஷாகாவின் கார் வாசலில் நின்றது. விஷாகா பல் டாக்டர். மார்ச்சில் பெய்த ஆலங்கட்டி மழையில் அவர் கார் பானெட் அம்மை போட்ட முகமாகிவிட்டது.

"ரிப்பேர்ல இருக்கற வண்டிம்மா, அதை எப்படி வெளியில நிறுத்தறது?" என்றார் நஞ்சுண்டன்.

"அப்ப ஞாயித்துக்கிழமைக்குள்ள ஸ்டார்ட் பண்ணுங்க. இல்லன்னா வித்துடுங்க. அவ்ளோதான்."

மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. குழுவில் யோசனை கேட்டார். கேட்பானேன்! பேட்டரி என்றார் ஒருவர். ரிலே என்றார் இன்னொருவர். பக்கத்து ஊர் காப்பெல்லில் இருக்கும் ஹார்ட் டாக்டர் ஒருவர் "பேஸ்மேக்கர் வெச்சுப் பாருங்க" என்று சிரிப்புப் பொம்மை போட்டார். நஞ்சுண்டன் பேட்டரியை மாற்றினார், டக். ரிலேயை மாற்றினார், டக். கடைசியில் செல்ஃப் மோட்டாரையே புதிதாக வரவழைத்தார்.

சனிக்கிழமை டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். செல்ஃப் மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே எர்த் ஒயரும் சேர்ந்திருந்தது. போல்ட்டைக் கழற்றி ஒயரை விலக்கினால், அடியில் காய்ந்து இறுகிப்போன சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு. நஞ்சுண்டன் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொய் சொல்வானேன், நானும் ஒற்றிக்கொண்டேன். புது மோட்டாருக்கும் அதே இடத்தில் ஒரு பொட்டு வைத்து, மேலே ஒயரைப் போட்டு முறுக்கினார். ஒயர் முனையில் ஒட்டியிருந்த பழைய பொட்டையும் கலைக்கவில்லை.

ஞாயிறு காலை நல்ல நேரம் பார்த்து, என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கும்பிட்டுவிட்டு அமுக்கினார். டக்.

அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. காபியோடு வந்த விஷாகாவுக்கே மனசு கேட்கவில்லை.

"ஏங்க, கடைசியா என்ன சேஞ்ச் பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலை விஷாகா! ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைச்சேன், சந்தனம் குங்குமம் வெச்சேன். அதுலேர்ந்துதான் இப்படி. யார் கண்ணு பட்டுச்சோ!"

"எங்கெல்லாம் வெச்சீங்க?"

"ஒரு இடம் விடலை. எர்த் ஒயரைக்கூடக் கழட்டி, அடியில வெச்சு மாட்டினேன். சாமி காரியத்துல குறை வைப்பேனா?"

விஷாகா தலையில் அடித்துக்கொண்டார். "கரண்ட் போற பாதையில சந்தனத்தை அப்பிட்டு, கண்ணு பட்டுச்சாம்! கழட்டுங்க அதை." பல் காரை சுரண்டும் கம்பியை எடுத்துவந்து, பழைய சந்தனம் புதுச் சந்தனம் அத்தனையையும் சுரண்டி, உலோகம் பளபளக்கும்வரை துடைத்தார். ஒயரை மாட்டிப் பொத்தானை அமுக்கியதும் வண்டி கடகடவென்று உயிர் பெற்றது.

நஞ்சுண்டன் குதித்தார். அந்த வயதில் ஒருவர் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

"நல்லா ஓடுதுல்ல?" என்றார் விஷாகா.

"பிரமாதமா ஓடுது!"

"ரிப்பேர் வண்டியைத்தானே உள்ள வெக்கணும்னீங்க? இது இப்ப ரிப்பேர் இல்ல. வெளிய எடுங்க."

பத்து நிமிஷத்தில் விஷாகாவின் கார் கராஜுக்குள் போய்விட்டது. குழுவில் நஞ்சுண்டனின் செய்தி வந்தது: 'எர்த்திங் இஷ்யூ. ரிசால்வ்டு.' சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் காட்டிக்கொடுக்கவில்லை, ஒற்றிக்கொண்ட கண் ஆயிற்றே.

சாயங்காலம் வானம் பச்சையாக இருண்டது. அடுத்த ஆலங்கட்டிக்கு எச்சரிக்கை. எட்டிப் பார்த்தேன். நஞ்சுண்டன் தலையில் ஹெல்மெட்டோடு, வீட்டிலிருந்த ரஜாய், போர்வை எல்லாவற்றையும் வாசலில் நின்ற வண்டிமேல் போர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன நஞ்சுண்டன், கடைசியா என்ன சேஞ்ச் பண்ணீங்க?" என்று கத்தினேன்.

"ஓட வெச்சேங்க," என்றார் அவர். "அதான் தப்பாப் போச்சு."