வராமலும் விடலாம்

ஆங்கிலம் படிக்கப் போன இடத்தில் நான் ஒரு வசனம் சொன்னேன். அதற்காக என் புருசனைப் பெற்ற மாமி ஏழு மாதமாக என்னோடு கதைக்கவில்லை. புருசனை மீன்பிடிப் போட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். வசனத்தில் பிழை இல்லை என்று வாத்தியார் மட்டும் சொன்னார்.

நான் குருநகரில் பிறந்து குருநகரிலேயே கலியாணம் கட்டியவள். புருசன் ஒரு சம்மாட்டியின் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். சம்மாட்டி என்றால் போட்டுக்குச் சொந்தக்காரர். பின்னேரம் இரண்டு மணிக்குப் போனால் அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் கரைக்கு வருவார்கள். அதற்கு இடைப்பட்ட நேரத்தில் எங்கள் ஒழுங்கை வீடுகளில் சில சொற்களை வாயில் எடுக்க மாட்டோம். யாராவது வந்து "அவர் நிக்கிறாரோ" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்வதில்லை. "வருவார்" என்போம். வெளியூர்க்காரன் ஒருவன் கரண்ட் பில்லோடு வந்து, இதே பதிலைக் கேட்டு, இப்போது வந்துவிடுவார் என்று நினைத்து அரை மணித்தியாலம் வாசல் படலையில் நின்றிருக்கிறான். எங்களுக்கு அது பகிடி இல்லை. சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கதைத்துப் பழகியிருக்கிறோம்.

டவுனில் ஒரு தனியார் ஆசுப்பத்திரியில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆங்கிலம் கதைக்கப் படித்த சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பத்தையே பார்ப்பார்களாம். அந்த வேலை எனக்கு வேண்டும். கடலில் காற்று அடித்தால் அடுப்பு எரியாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். மற்றவர்களுக்கு நான் விளக்கப் போவதில்லை.

வகுப்பு வியாழக்கிழமைப் பின்னேரங்களில். வாத்தியார் உடுப்பிட்டிக்காரர், தோட்டம் செய்கிற குடும்பம். அன்றைய பாடம், நிச்சயமில்லாததைச் சொல்வது. 'மே நொற்', 'மைற் நொற்' என்று பலகையில் எழுதினார். நடக்காமலும் விடலாம், நமக்குத் தெரியாது என்பதுதான் அதன் கருத்து. ஒவ்வொருவரும் எழும்பி ஒரு வசனம் சொல்ல வேண்டும். வசனம் சொந்த வீட்டைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றும் ஒரு சட்டம் போட்டார்.

முதலில் அவரே சொன்னார். இந்தக் கிழமை மழை பெய்யாமலும் விடலாம், எங்கள் வெங்காயத்துக்கு அது நல்லது. சுன்னாகத்திலிருந்து வருகிற பெட்டை, தன் தமையனுக்கு விசா கிடைக்காமலும் விடலாம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

என் முறை வந்தது. நான் பஸ்சைப் பற்றிச் சொன்னேன்.

"பஸ் உம்மடை வீட்டிலையோ நிக்குது?" என்றார். "வீட்டைப் பற்றிச் சொல்லும். உம்மடை அவர் என்ன செய்யிறார்?"

"கடற்றொழில், சேர்."

"இப்ப எங்கை?"

"தொழிலுக்குப் போயிட்டார்."

"பிறகென்ன, வசனம் கையிலை கிடக்குது. மை ஹஸ்பண்ட் மைற் நொற் கம் ஹோம். சொல்லும்."

என் புருசன் வீட்டுக்கு வராமலும் விடலாம். அவர் கடலில் நிற்கிற நேரத்தில் அதை என்னைச் சொல்லச் சொல்கிறார். நான் "மை ஹஸ்பண்ட் வில் கம்" என்றேன்.

"வில் இல்லை. மைற் நொற்."

"வில் கம், சேர்."

"கடலென்ன உம்மைக் கேட்டோ நடக்குது?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "உது மூடநம்பிக்கை, பிள்ளை. வாய்ப்பேச்சுக்குத்தான் கடைசியிலை மாக்ஸ். இப்ப வாய் திறக்காட்டில் சான்றிதழிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அந்தக் கையெழுத்துக்காகத்தான் நான் போயிருந்தேன். சொன்னேன். பிழையில்லாமல் ஒரே மூச்சில் சொன்னேன்.

அடுத்த நாள் ஆறு மணிக்குப் போட் வரவில்லை. ஏழுக்கும் வரவில்லை. ஒன்பது மணிக்கு முழு ஒழுங்கையும் கரையில் நின்றது. போன் எடுத்தால் தொடர்பில்லை. நான் ஒன்றையும் நம்புகிறவள் இல்லை என்று பெரிதாகக் கதைப்பேன். அன்றைக்கு அந்த மணலில் நின்று, ஐயோ, என் வாயால்தான் என்று நினைத்தேன். மறைக்க எனக்கு விருப்பமில்லை. நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வேறொரு போட் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றுவிட்டதாம். போட்டில் இருந்த மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. வலை போய்விட்டது.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வகுப்பில் எங்கள் ஒழுங்கைப் பெட்டை ஒருத்தியும் இருந்தாள். வெளிநாட்டு மாப்பிள்ளைக்காக ஆங்கிலம் படிக்கிறவள். இவர்கள் குளித்துச் சாப்பிடுவதற்குள் அவள் சொன்ன கதை எல்லாப் படலையையும் தாண்டிவிட்டது.

நான் அடுப்படியில் நிற்க, மாமி கையில் செபமாலையோடு குசினி வாசலில் வந்து நின்றா.

"நீ நேற்று என்னடி சொன்னனீ?"

"பாடம், மாமி. இங்கிலீசிலைதான் சொன்னன்."

"மாதாவுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு நினைச்சியோ?"

அதுதான் அவ என்னோடு கதைத்த கடைசி வசனம். இப்போது உப்பு வேண்டுமென்றாலும் மகனிடம்தான் கேட்கிறா.

சம்மாட்டி மாலையில் வந்தார். "தம்பி, நீ கொஞ்ச நாளைக்குக் கரையிலை நில்லு. மற்றப் பொடியள் உன்னோடை வரப் பயப்பிடுறாங்கள்" என்றார். பழைய எஞ்சினை மாற்றச் சொல்லி என் புருசன் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எஞ்சினைவிட என் வாயைக் குற்றம் சொல்வது சம்மாட்டிக்கு லேசு.

"நீங்களும் உதை நம்புறியளோ?" என்று புருசனைக் கேட்டேன்.

"நம்பேல்லை" என்றார். பிறகு, "எண்டாலும் நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமையும் நான் வகுப்புக்குப் போனேன். போகாமல் விட்டால் பழியும் கிடைக்கும், வேலையும் கிடைக்காது. நடந்ததை வாத்தியாருக்குச் சொன்னேன். அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே, "அவர் வந்திட்டார்தானே? மைற் நொற் எண்டால் வரவும் கூடும். வசனம் சரி" என்றார். கடைசி வகுப்பில் சான்றிதழில் கையெழுத்து வைத்தார். அழகான கையெழுத்து.

வேலை கிடைத்தது. காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை அந்த மேசையில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த சனம் தங்கள் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்து ஆங்கிலத்தில் கேட்கிறது. டொக்டர் வராமலும் விடலாம், முடிவு இன்றைக்குக் கிடைக்காமலும் விடலாம் என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதற்குத்தான் சம்பளம். தமிழ்ச் சனத்துக்கும் அதையே தமிழில் சொல்கிறேன். போன கிழமை ஒரு ஐயா தடியால் மேசையில் தட்டி, "வருவாரோ வரமாட்டாரோ, ஒண்டைச் சொல்லு பிள்ளை" என்றார். வருவார் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

புருசன் இப்போது வேறு சம்மாட்டியின் போட்டில் போகிறார். முன்பெல்லாம் படலையில் நின்று "போயிட்டு வாறன்" என்பார். "ஓம்" என்பேன். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கதைப்பதில்லை. இப்போது இரண்டு மணிக்கு நான் மேசையில் இருப்பேன். எனக்கு லீவு நாளென்றால் அவர் ஒரு மணிக்கே வெளிக்கிட்டுவிடுகிறார். நான் கிணற்றடியில் நிற்கிற நேரம் பார்த்து, சைக்கிளைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போகிறார். என் வாயிலிருந்து எந்தச் சொல்லும் தன்னோடு கடலுக்கு வரக்கூடாது என்று நினைக்கிறார் போல.

கேட்டால் இல்லையென்பார். நான் கேட்பதில்லை. போன வியாழன் லீவு. இவர் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒருவன் படலையில் நின்று "அண்ணை நிக்கிறாரோ" என்றான். நான் வாயைத் திறக்க முன்னம் உள்ளேயிருந்து மாமி சத்தமாகச் சொன்னா, "வருவார்."