அம்மாவின் மஞ்சள் பட்டை

வடை எண்ணெய் ஊறிய நாளிதழ்த் தாளின் வாசம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது, அதற்குப் பிறகுதான் அம்மாவின் முகம். செஞ்சியில் "மல்லாட்டை" மண்டிக்கு எதிரே என் அப்பா, நாங்கள் நைனா என்போம், டீக்கடை வைத்திருந்தார். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் வெளியூரா என்பார்கள். காலையில் கடைக்கு வரும் நாளிதழ் ஊரார் கைக்கெல்லாம் போய், டீக்கறையும் எண்ணெயும் ஏறி, மதியத்துக்கு மேல்தான் மண்டியில் கடலை புடைக்கிற அம்மாவிடம் வந்து சேரும்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பஸ் நம்பர் பார்த்துப் பழகியதால் எண்கள் மட்டும் தெரியும். ஆனால் டீவி விளம்பரம் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ஒரே புரட்டில் எடுத்துவிடுவாள். அவளுக்குப் பிடித்த டீவிக்காரர்கள் எந்த நாடகத்துக்கு விளம்பரம் கொடுத்தாலும் அடியில் சாய்வாக ஒரு மஞ்சள் பட்டை இருக்கும். வலது மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் நேரம், நடுவில் எங்கோ பார்க்கிற ஒரு பெண்ணின் முகம், அதற்கு மேல் கொழுத்த எழுத்தில் நாடகத்தின் பெயர். போட்டி டீவிக்கு நீலக் கட்டம், அதை அவள் தொடக்கூட மாட்டாள். "எழுத்து மாறும், மூஞ்சி மாறும், பட்டை மாறாதுடி" என்பாள். எந்தக் குளிர்சாதன அறையில் யார் உட்கார்ந்து அந்தப் பட்டையை யோசித்தார்களோ, அவர்கள் நினைத்தது எங்கள் அம்மாவிடம் அப்படியே பலித்திருந்தது.

மதியச் சோற்றுக்கு உட்காரும்போது தொண்டூரிலிருந்தும் வல்லத்திலிருந்தும் வேலைக்கு வருகிற பெண்கள் அவளைச் சுற்றிக்கொள்வார்கள். அவள் தாளை விரித்து, இது புதுசு, இது எட்டு மணிக்கு என்று விரல் வைத்துச் சொல்ல, வீட்டுக்கு வீடு இலவச டீவி வந்த புதிதில் அவர்களெல்லாம் அந்த விரலை நம்பித்தான் சேனலை மாற்றினார்கள். தொண்டூர் பூங்காவனம்தான் அவளுக்கு ரொம்ப நெருக்கம். "நீயே ஒரு நாடகத்துல நடிக்கலாம்டி அஞ்சல, என்னா மூஞ்சி உனக்கு" என்று கேலி செய்வாள். அம்மா வெட்கப்பட்டுத் தாளை மடித்து வைப்பாள்.

கடலை வரத்து நின்று மண்டி மூடியிருந்த நாளில் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி அமரர் ஊர்தியில்தான் வந்தாள். நான் அழவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும், எனக்கு ஏதோ காது அடைத்தது போலத்தான் இருந்தது.

மண்டிப் பெண்களுக்குச் சொல்ல எங்களிடம் போன் இல்லை, அவர்கள் வீடும் தெரியாது. "காரியத்துக்காவது அவங்க வரணும், அவளுக்கு அவங்கதான் சனம்" என்று நைனா திரும்பத் திரும்பச் சொன்னார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போஸ்டர் அடித்து ஒட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அச்சகத்துக்கு அவர் என்னையும் கூட்டிப்போனார். அம்மா மடித்து வைத்திருந்த விளம்பரத் தாள் ஒன்றை மேசையில் விரித்து, இதே மாதிரி போடச் சொன்னார்.

"கருப்பு பார்டர் போட்டு, ரெண்டு வெளக்கு வெக்கணும்ணே, அப்பதான் சனத்துக்குத் தெரியும்" என்றார் அச்சகக்காரர்.

"கருப்பு வேணாம்பா. அவளுக்கு இதான் புடிக்கும்."

அப்படியே வந்தது. கல்யாணப் படத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய முகம், மேலே கொழுத்த எழுத்தில் 'அஞ்சலை', அடியில் சாய்வாக மஞ்சள் பட்டை, மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 'ஞாயிறு காலை 10'. காரியம் என்கிற சொல் பட்டைக்குள் பொடி எழுத்தில் இருந்தது. பஸ் நிலையச் சுவரிலும் மண்டிச் சுவரிலும் ஒட்டினார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டமெல்லாம் அந்தச் சுவரோரம்தான் பஸ்ஸுக்கு நிற்கும் என்பதால், எல்லாரும் பார்த்துவிடுவார்கள் என்று நைனா நிம்மதியாக இருந்தார்.

காரியத்துக்கு மண்டிப் பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. நைனா படையல் போடுவதைத் தள்ளித் தள்ளி வைத்துத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். போட்ட இலைகள் பாதி காலியாகக் கிடந்தன. "வேல இருக்கிற வரிக்கும்தான் சனம்" என்று யாரோ சொன்னார்கள். நைனா அதற்குப் பிறகு அந்தப் பெண்களின் பெயரை எடுக்கவே இல்லை.

அடுத்த அறுவடைக்கு மண்டி திறந்தது. முதல் நாளே பூங்காவனம் மற்றவர்களோடு சிரித்துக்கொண்டே கடைக்கு வந்து, "எங்க அந்தக் கள்ளி?" என்றாள். நைனா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மண்டி தெறக்கிற வரிக்கும் வூட்ல இருப்பான்னு நெனச்சிருந்தா, நாடகத்துல நடிக்கப் போய்ட்டா பாத்தியா. பஸ் ஸ்டாண்டுல மூஞ்சியப் பாத்து, பேரு இன்னா, என்னிக்குன்னு ஒரு புள்ளைய படிக்கச் சொன்னா, அஞ்சல, ஞாயிறு காலைலன்னுது. பட்டதான் தெரியுமே எங்களுக்கு. ஞாயித்திக்கெழம கூலி வேலைக்குக்கூடப் போவாம, பத்து மணிக்கு எங்க வூட்டு டீவி முன்னால அத்தினி பேரும் குந்திக்கினு இருந்தோம்ணா. மதியம் வரிக்கும் பாத்தோம். அவ வரவே இல்ல."

நைனா டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அது நாடகம் இல்லம்மா. அவ காரியம்" என்றார்.

பூங்காவனம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அன்று மண்டியில் யாரும் முறத்தைத் தொடவில்லை. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் வரைக்கும் ஒப்பாரி வைத்து அழுதார்கள். நைனா அன்றைக்குத்தான் அழுதார். நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது மண்டிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, விளம்பரம் ஒட்டாதே என்று எழுதிவிட்டார்கள். நைனாவும் இல்லை, கடையும் இல்லை. போன வாரம் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் அதே டீவியின் விளம்பரம் இருந்தது. பட்டையை எடுத்துவிட்டு ஊதா நிறத்தில் வேறு ஏதோ போட்டிருந்தார்கள். எழுத்தைப் படித்த பிறகுதான் எந்த டீவி என்று எனக்கே தெரிந்தது. அம்மா இருந்திருந்தால் திணறித்தான் போயிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் நான் டீவியைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்காருகிறேன். என்னம்மா பாக்குற என்று பிள்ளைகள் கேட்டால், திரையில் என்ன ஓடுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரிவதில்லை.