போடாத வென்டிலேட்டருக்கு வந்த பில்

சிமெண்ட் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் டீலர்களை எங்காவது சுற்றுலா அழைத்துப்போவார்கள். செவிலிமேட்டில் வீடுகள் எழும்பிக்கொண்டே இருப்பதால் என் கடையில் மூட்டைகள் ஓடும், டார்கெட்டைத் தொட்டுவிடுவேன். ஆனாலும் நான் போனதில்லை. கடையை யாரிடம் விடுவது என்று, டூருக்குப் பதிலாகத் தங்கக் காசு வாங்கிக்கொள்வேன். போன வருடம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல், இலங்கைப் பக்கம் போய்த் திரும்பும், மனைவியோடு வரலாம் என்றார்கள். போகலாம் என்றது அவள்தான்.

"கல்யாணமாகி முப்பது வருசம் ஆவுது. திருப்பதிய விட்டா என்ன எங்க இட்டுக்கினு போயிருக்கீங்க?"

வருகிறோம் என்று பெயர் கொடுத்துவிட்டேன். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் எங்கள் இருவருக்கும் ஷூ வாங்கி அனுப்பினாள்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரை மறைந்துபோகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மாலையிலிருந்து கடல் சரியில்லை. அவளுக்கு வாந்தி நிற்கவே இல்லை. விடிந்ததும் வழக்கம்போல பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். உடம்பு வறண்டுவிடக் கூடாதே என்று நான் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கவைத்தேன். அது தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. வாந்தியில் உப்பெல்லாம் போயிருந்தது, அந்த மாத்திரையும் உப்பை வெளியேற்றும் ரகமாம். மிச்சம் இருந்ததை என் தண்ணீர் நீர்த்துப்போகச் செய்துவிட்டது.

மதியம் அவள் தலையணைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

"இன்னாமா தேடற?"

"கேஸ் மூட்னனா இல்லியா தெர்ல. சாவி எங்க?"

விளையாட்டாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த சில நிமிடங்களில் கைகால் விறைத்து, வெட்டி இழுக்கத் தொடங்கியது. அறையில் இருந்த போனில் எந்த எண்ணை அழுத்துவது என்று தெரியவில்லை. நடைபாதைக்கு ஓடிப் போய்க் கத்தினேன். அப்படி நான் வாழ்க்கையில் கத்தியதில்லை.

கப்பலின் கீழ்த்தளத்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. டாக்டர் வெளிநாட்டுக்காரர், வேகமான ஆங்கிலம். நர்ஸ் நெல்லூர்ப் பக்கத்துப் பெண், சென்னையில் வேலை பார்த்தவள். அவள் தமிழில் சொல்லித்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைந்துவிட்டது, வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். டிரிப்ஸ் போட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். காகிதங்களை நீட்டினார்கள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள். மாஸ்க்கை இழுத்துக் கீழே தள்ளிவிட்டுப் பேச ஆரம்பித்தாள், தெலுங்கில். அவள் பிள்ளையார்பாளையத்தில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். நான் வாலாஜாபாத் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ளாத கல்யாணம். எங்கள் வீட்டில் அவள் தெலுங்கு பேசியதே இல்லை. தங்கையோடு போனில் பேசுவதானால்கூட மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். நானும் அந்த மொழியைக் கற்றுக்கொள்ளவில்லை.

நர்ஸ் குனிந்து பதில் சொன்னாள். இவள் என்னைச் சுட்டிக்காட்டி, "ஈயன எவரு?" என்றாள். யார் என்று கேட்கிறாள், அந்த 'எவரு' மட்டும் எனக்குப் புரிந்தது.

"இன்னா சொல்றாங்கமா?" என்று கேட்டேன்.

நர்ஸ் தயங்கினாள். "ஒண்ணும் இல்ல சார். மயக்கத்துல பேசறாங்க."

"பரவால்ல, சொல்லு."

"யாரோ வெளி ஆம்பள நிக்கிறாரு, துணி மாத்தணும், அவர போகச் சொல்லுன்னு சொல்றாங்க சார்."

வெளியே போனேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து, உள்ளே கேட்கும் அவள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். விடாமல் பேசினாள், ஒரு தடவை சிரிக்கவும் செய்தாள். அவ்வளவு சரளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் என்னை அடையாளம் தெரிந்தது. "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாள். அந்த இடைப்பட்ட நேரம் எதுவும் அவளுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

கப்பல் சென்னைக்குத் திரும்பியது. ஆம்புலன்ஸ் கீழே காத்திருந்தது. கப்பல் அலுவலர் ஒருவர் பில்லைக் கொண்டுவந்து நீட்டி, கட்டினால்தான் இறங்கலாம் என்றார். ஏறக்குறைய ஐந்து லட்சம். கிரெடிட் கார்டில் பாதிதான் போனது. மீதியை மருமகன் எங்கிருந்தோ புரட்டி அனுப்பினார். சென்னை ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்து, வீட்டுக்கு வந்து, அவள் எழுந்து ரசம் வைக்கிற அளவு தேறிய பிறகுதான் மகள் அந்த பில்லைப் படித்துப் பார்த்தாள்.

"அப்பா, அம்மாவுக்கு வென்டிலேட்டர் போட்டாங்களா?"

"இல்லியேமா. மாஸ்க்தான்."

"ரெண்டு நாளைக்கு சார்ஜ் பண்ணிருக்காங்கப்பா. பில்லுல பெரிய தொகையே அதான்."

அதற்குப் பிறகு வந்த மாதங்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கப்பல் கம்பெனி, டூர் ஏற்பாடு செய்த ஏஜென்சியைக் கேட்கச் சொன்னது. ஏஜென்சி, சிமெண்ட் கம்பெனியைக் கேட்கச் சொன்னது. சிமெண்ட் கம்பெனியின் ஏரியா மேனேஜர் வீட்டுக்கே வந்து ஆப்பிள் கொடுத்துவிட்டு, "டிக்கெட்டோட இன்சூரன்ஸ் இருக்குதுண்ணே, அதுல கிளெய்ம் பண்ணிடலாம்" என்றார். இன்சூரன்ஸ்காரர்கள், பிரஷர் முன்பே இருந்த நோய், அதனால் தர முடியாது என்றார்கள்.

போன் செய்தால் முதலில் இசை, பிறகு ஒரு குரல். ஒவ்வொரு முறையும் வேறு குரல், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எப்போது வாந்தி, எப்போது வலிப்பு, எவ்வளவு நேரம் நினைவில்லாமல் இருந்தாள். கூரத்திலிருந்து வந்த மேஸ்திரி கம்பிக்காகக் காத்து நிற்பார், நான் போனில் என் மனைவியின் வலிப்பை விவரித்துக்கொண்டிருப்பேன். வைகாசியில் கருட சேவைக் கூட்டத்தில் மாட்டி, நகராத பஸ்ஸில் நின்றபடி ஒருமுறை சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உங்க கன்சர்ன் புரியுது சார், கம்ப்ளைண்ட் டிக்கெட் ரைஸ் பண்ணிடறேன்" என்றது ஒரு பெண் குரல். அவள்மேல் கோபப்படக்கூட என்னிடம் தெம்பில்லை. சொல்லிச் சொல்லி அது என் வீட்டில் நடந்ததுபோலவே இல்லாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். நோயாளி சுயநினைவில் இல்லாததால் குழாய் போட்டு வென்டிலேட்டர் வைத்ததாகக் கப்பல் மருத்துவமனை உறுதி செய்கிறது என்று ஸ்பீக்கரில் ஒருவர் சொன்னார். "இல்லைங்க, நான் அங்கதான் இருந்தேன்" என்பதையே நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பினால், சமையலறை வாசலில் ஈரக் கையோடு அவள் நின்றிருந்தாள்.

"தொண்டையில குழாய் இருந்தா பேச முடியாதுல்ல?"

"முடியாது."

"நான் பேசுனனா அங்க?"

"பேசுன. தெலுங்குல. நர்ஸோட."

"இன்னா பேசுனேன்?"

மழுப்பப் பார்த்தேன். அவள் விடவில்லை. சொன்னேன். யாரோ வெளி ஆம்பளை என்று சொன்னதையும் சொன்னேன். அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தினி மாசமா மனசுலயே வச்சுக்கினு இருந்தீங்களா?"

"உனக்கு நெனவில்லாம சொன்னது. அதப் போயி..."

"நெனவு இல்லாதப்ப சொன்னாலும் நான் சொன்னதுதான?" பிறகு, "போனக் குடுங்க" என்றாள்.

அவளே ஏஜென்சிக்குப் போட்டாள். "சார், படுத்துக்கினு இருந்தது நானு. எனக்கு நெனவு இல்ல, ஆனா வாய் இருந்துச்சு. உங்க நர்ஸம்மா நெல்லூர்க்காரங்க. அவங்ககிட்ட தெலுங்குல பேசிருக்கேன், எங்க வூட்டுக்காரர வெளிய அனுப்பிருக்கேன். தொண்டையில குழாய வச்சிக்கினு எப்டி சார் பேசுவேன்? அந்தம்மாவயே கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் எங்களுக்குப் போன் பண்ணுங்க."

கேட்டிருக்கிறார்கள். அந்த நர்ஸ் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். பதிவில் தவறு நேர்ந்துவிட்டது, வருந்துகிறோம் என்று மழை தொடங்கிய பிறகு ஒரு மெயில் வந்தது. வென்டிலேட்டருக்கான தொகை இரண்டு தவணையாக வந்து சேர்ந்தது. மருமகனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார், என் மனைவி விடவில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் மட்டும் அசையவில்லை. மேல்முறையீடு செய்யலாம், ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது என்று மகள் சொன்னாள். நானும் மனைவியும் வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். அவர் பேனாவைத் திறந்து, "எப்ப வாந்தி ஆரம்பிச்சுது, முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"போதுங்க. வாங்க, வூட்டுக்குப் போலாம்."

டவுன் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்கள் நிறுத்தம் வந்தபோது எனக்கும் எழுந்திருக்க மனமில்லை. கண்டக்டர்தான் இரண்டு தடவை குரல் கொடுத்து இறக்கிவிட்டார்.