ஐந்து மிஸ்டு காலும் முதலியார்பேட்டைத் தேர்வும்

விழுப்புரத்தில் வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. தொழில் அனுபவத்தை நிரூபித்தால் பள்ளிப் படிப்பு இல்லாமலே வணிக டிப்ளமாவில் சேரலாம், புதுச்சேரியில் ஒரு நிலையம் தேர்வு வைக்கிறது என்றார்கள். பாக்கி ஒரே இடம்தான். அந்தச் சான்றிதழைக் கடையில் மாட்டும் ஆசையில், மண்டியை மனைவி செல்வியிடம் விட்டுவிட்டு, போன மாதம் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

காலை ஏழு மணி பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். பேருந்து நிலையத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நான் நூறு என்றேன். "இந்த வயசுல பரீட்சையா? நூத்தி இருவது குடு, பாஸாயிட்டு வா" என்றார்.

சரக்கு, விலை, கணக்கு எல்லாவற்றிலும் வெளுத்து வாங்கினேன். கடைசியாக ஆள் பலம். ஐந்து பேருக்குப் போன் போட்டு உதவி கேளுங்கள், எத்தனை பேர் வருவதாகச் சொல்கிறார்கள் என்று அளக்கிறோம் என்றார் தேர்வு வைத்த பெண். அங்கேதான் விரல் காலை வாரியது. லாரி வந்ததும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்வது எங்கள் மண்டி வழக்கம். லோடு வந்துவிட்டது, சாக்கோடு வா என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் ஐந்து கடைக்காரர்களுக்கும் அப்படியே செய்துவிட்டேன். ஒருவரும் திருப்பிக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் பூஜ்யம் போட்டார்.

இருபது நிமிடத்தில் செல்வி போன். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்கள்.

"ஏங்க, லோடே வரல, அஞ்சு பேரும் சாக்கோட வந்து நிக்கிறாங்க. பரீட்சை எழுதப் போனீங்களா, ஆளக் கூட்டப் போனீங்களா?"

"இப்ப இன்னா பண்றது?"

"இன்னா பண்றது? ஒரு வாரமா விக்காம தூங்குன சின்ன வெங்காயத்த அஞ்சு பேர் தலையிலயும் கட்டிட்டேன்."

தேர்வுப் பெண் பேனாவை வைத்துவிட்டு, "மேடம், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"பன்னெண்டாவது பாஸ். இந்த வூட்ல யாரு கேட்டா?"

பன்னிரண்டாவதுக்குத் தேர்வே தேவையில்லையாம். அந்த இடத்தில் செல்வி சேர்ந்துவிட்டாள்.

நீங்களும் போவதாக இருந்தால் மதிய வெயிலுக்குமுன் வேலையை முடியுங்கள், ஆட்டோவில் ஏறுமுன் பேசிவிடுங்கள், போனை முழுதாக அடிக்க விடுங்கள். முக்கியமாக, வீட்டில் இருப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் செல்வி வகுப்புக்குப் போகிறாள், அன்றைக்கு மண்டி முழுக்க என் பொறுப்பு. சாயங்காலம் பஸ் ஊருக்குள் நுழைந்ததும் செல்வியிடமிருந்து ஒரு ரிங் வந்து கட்டாகும். நான் திருப்பிக் கூப்பிடுவதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிறேன்.