மீன் எண்ணெய் பூசிய கதவு

ராமநாதபுரத்திலிருந்து காலை ஏழு பத்துக்குப் புறப்படவேண்டிய சாயல்குடி பஸ், ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டது. தூரம் இருபத்தெட்டு மைல் என்றார் கண்டக்டர். டிக்கெட் தொண்ணூறு புதுக் காசு. புதுக் காசு வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆளுக்கு ஆள் அணாவில் வாதாடியதில் பஸ் இரண்டு மைல் போன பிறகுதான் எனக்கு டிக்கெட் கிடைத்தது.

நான் திருச்சியில் எங்கள் தெரு மாதர் சங்கத்தின் செயலாளர். மாரியூரை அடுத்த ஒரு மீனவர் ஊரில் உள்ள மாதர் சங்கத்துக்கு இது பத்தாம் ஆண்டு. அதை ஒரே நாள் விழாவாகக் கொண்டாடாமல், மாதத்துக்கு ஒரு காரியமாக வருஷம் முழுவதும் செய்கிறோம், வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கும் அடுத்த வருஷம் பத்து நிறைகிறது. பார்த்து வர ஒருவர் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். இந்த வெயிலில் வேறு யாரும் சம்மதிக்கவில்லை என்பதே உண்மை.

பக்கத்து இருக்கையில் மடியில் தகரப் பெட்டியோடு ஒரு பெண். வயது இருபத்திரண்டு இருக்கலாம். பெயர் செல்லம், ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். பிரசவம் பார்க்கப் படித்து முடித்து முதல் வேலைக்குப் போகிறாளாம். எந்த ஊருக்கு என்று கேட்டால், நான் போகிற ஊரேதான்!

"கண்மாயும் வயலுமாப் பாத்து வளந்தவ நான். கடலைப் படத்துலதான் பாத்திருக்கேன். அங்கன இருக்க முடியலைன்னா மறு வண்டியில திரும்பிருவேன்னு எங்க அய்யாகிட்டச் சொல்லிட்டுத்தான் வாரேன்" என்றாள். மனதில் பட்டதை அப்படியே சொல்லும் பெண் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

பத்தேகால் மணிக்குச் சாயல்குடி. அங்கிருந்து மாட்டுவண்டி, ஐந்து மைலுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரூபாய். வழியெல்லாம் பனையும் முள் நிறைந்த உடைமரமும். வண்டிக்காரர் முனியாண்டி, மறுநாள் இரண்டு மணிக்கு என்னை ஏற்றிப்போக வருவதாகச் சொன்னார். "எனக்கும் ஒரு இடம் வச்சிருங்க" என்றாள் செல்லம். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஊர் எல்லையில் முப்பது பெண்கள் குலவை போட்டு வரவேற்றார்கள். முன்னால் நின்றவர் தலைவி காளியம்மாள். கருவாட்டு வியாபாரி, நல்ல உயரம், கூப்பிட்டால் படகுக்குக் கேட்கும் குரல். பக்கத்தில் முக்காடு போட்டுச் சிரித்த முகமாக நின்றவர் ஆமினாம்மா. வீட்டுக்காரர் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். சங்கத்தில் எல்லா வேலையும் இந்த இருவர் தலையில்தான் என்று எனக்குப் புரிய அரை மணி போதுமாயிருந்தது. ஆளுக்கு ஒரு சொம்பு பதநீர் கொடுத்தார்கள். அதற்காகவே இன்னொரு தடவை இந்த வெயிலில் வரலாம்.

பிறகு வருஷத்து வேலைகளைச் சுற்றிக் காட்டினார்கள். முதல் மாதம் மணலில் மூடிக்கிடந்த நல்ல தண்ணீர் ஊற்றுகளைத் தோண்டிப் பனைமட்டையால் வேலி கட்டியிருந்தார்கள். அடுத்த மாதம் வீட்டுக்கு ஒரு முருங்கை நட்டிருந்தார்கள். பாதியை ஆடு தின்றுவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். கையெழுத்து வகுப்பில் காளியம்மாள் தன் பெயரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். 'ள்' எழுத்தின் சுழி பலகையைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது.

கடைசியாக அந்த வருஷத்துப் பெரிய காரியம்: பிரசவ அறை. வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து, பெண்களே கல் சுமந்து கட்டியது. காளியம்மாளின் தங்கை நான்கு வருஷத்துக்கு முன் பிரசவ வலியோடு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே இறந்துபோனாள். அதைச் சொல்லும்போது மட்டும் காளியம்மாளின் குரல் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்கவில்லை. "இனி எவளும் வண்டியில சாகக்கூடாதுன்னுதான் இது" என்றார். சர்க்காருக்கு இரண்டு வருஷம் மனுப் போட்டு ஒரு மருத்துவச்சியை வாங்கியிருக்கிறார்கள். வருகிறவள் இருக்க மாட்டேன் என்று போய்விட்டால் அந்த வேலை வேறு ஊருக்குப் போய்விடும். ஆமினாம்மாவின் மருமகளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

காளியம்மாள் கதவைத் திறந்தார்.

என்ன சொல்வேன்! குடலைப் பிடுங்கும் நாற்றம். இந்தக் கரையில் புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும் முன் சுறா ஈரலில் காய்ச்சிய எண்ணெயைப் பூசுவார்கள்; மரம் உப்புக்கு அசையாது. பத்தாம் ஆண்டு அறை அல்லவா, மரம் நூறு வருஷம் நிற்கட்டும் என்று கதவு, ஜன்னல், கட்டில் எல்லாவற்றுக்கும் மூன்று பூச்சுப் பூசி, படகு முகப்புக்கு வைப்பதுபோல் கதவுக்கு மஞ்சள் குங்குமமும் வைத்திருந்தார்கள். பிறந்தது முதல் அந்த வாசத்திலேயே இருப்பவர்களுக்கு அது ஒரு வாசமாகவே படவில்லை.

"எப்பிடி இருக்கு?" என்றார் ஆமினாம்மா.

"பிரமாதம்" என்றேன், மூச்சை அடக்கிக்கொண்டு.

செல்லம் வெளியே ஓடி வேலியோரம் குனிந்தாள். குடித்த பதநீர் முழுவதும் வந்துவிட்டது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கழுத்தில் புதுத் தாலி வேறு. ஆமினாம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா நல்லபடியாத் தருவான். எத்தனை மாசம் தாயி?" என்றார். யாரோ குலவைகூடப் போட்டுவிட்டார்கள்.

"மாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்றாள் செல்லம், வாயைத் துடைத்துக்கொண்டு. "உங்க ரூமு நாறுது. அதுக்குள்ள நின்னு நான் எப்பிடிப் பிள்ளை எடுப்பேன்? நாளைக்கு இந்தம்மாகூட நானும் வண்டி ஏறுறேன்."

குலவை பாதியில் நின்றது. எனக்குக் காளியம்மாளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. மத்தியானம் வாளைமீன் குழம்பு அருமையாக இருந்தும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கரையில் சங்கம் கூடியது. ஒருத்தி, "கொழுப்பெடுத்தவ, போகட்டும் விடு" என்றாள். காளியம்மாள் கையமர்த்தினார்.

"பத்து வருசமா எத்தனையோ பெரியவுக வந்தாக. எல்லாம் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனாக. திருச்சியக்காவும்தான் சொன்னாக. இந்தப் புள்ள ஒருத்திதான் நாறுதுன்னு சொல்லிச்சு. நாளைக்கு ஒரு பொம்பளைக்கு ஆபத்துன்னாலும் மறைக்காமச் சொல்றது இவதான். இவளை விடவா சொல்றீக?"

எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தோடு, "எனக்கும் நாறத்தான் செய்தது" என்றேன். எழுந்த சிரிப்பில் காக்கைகள் பறந்தன. "இப்பவாவது சொன்னீகளே!" என்று என் முதுகில் ஒன்று வைத்தார் காளியம்மாள். அன்போடு வைத்ததுதான், ஆனாலும் கருவாட்டுக் கூடை தூக்கிய கை.

அப்போதே கதவையும் ஜன்னலையும் கழற்றினார்கள். எட்டுப் பேர் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போய், அலையில் போட்டு மணலால் தேய்த்தார்கள். நானும் புடவையைச் செருகிக்கொண்டு கட்டில் காலுக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். எங்கள் சங்கத்தில் நான் நாற்காலியைக்கூட நகர்த்தியதில்லை. செல்லம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், உதவிக்கு வரவில்லை.

மறுநாள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆமினாம்மா அறைக்குள் சாம்பிராணி போட்டார். கதவு கழற்றிய வாசலில் இரண்டு புடவைகள் தொங்கின. அரை மணிக்கு ஒரு தடவை யாராவது வந்து, "தாயி, எங்க மூக்கு செத்த மூக்கு. நீ வந்து மோந்து பாரு" என்று செல்லத்தை இழுத்துப்போனார்கள். முதலில் எரிச்சலாகப் போனவள், மூன்றாம் தடவை சிரித்துவிட்டாள். "வேப்பெண்ணெய் போட்டு வெயில்ல வையுங்க. எங்க ஊருல கலப்பைக்கு அதான்" என்று கதவுக்கு வைத்தியம் சொன்னாள். கதவு வெயிலில் கிடக்க, புங்கமரத்தடியில் பாய் விரித்து ஆமினாம்மாவின் மருமகளின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார, பதினோரு மணிக்குள் ஐந்து கர்ப்பிணிகள் வரிசையில் இருந்தார்கள்.

இரண்டு மணிக்கு முனியாண்டி வந்துவிட்டார். "ரெண்டு பேருன்னு சொன்னீகளே?" என்றார். மரத்தடியில் செல்லத்தைக் காணவில்லை, கூப்பிடவும் யாருக்கும் வாய் வரவில்லை. நான் மட்டும் ஏறிக்கொண்டேன். எங்கள் சங்கத்து ஐந்தாம் ஆண்டு நினைவுக்கு வந்தது: ஒரு தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, ஒரு குரூப் போட்டோ, மைசூர்பாகு. அந்த மைசூர்பாகைக் கடிக்க முடியவில்லை என்று இன்றுவரை யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி நகர்ந்தபோது செல்லம் ஓடிவந்தாள். காளியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அவள் கையில் பெட்டி இல்லை. ஒரு தபால் கார்டை என்னிடம் நீட்டி, "ராமநாதபுரத்துல போட்டுருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே ஓடினாள். மரத்தடியில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

கார்டு திறந்து கிடப்பது, படிப்பதில் குற்றமில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கவே படித்தேன்.

"அய்யாவுக்கு, இங்கே நாற்றம் தாங்க முடியவில்லை. சொன்னால் கேட்கிறார்கள். என் படுக்கையை அனுப்பி வைக்கவும்."