கொலுவில் வைத்த சமாதி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் போனில் அந்தப் பாடங்கள் கிடைத்தபோது விடவில்லை. மசூதி, சமாதியெல்லாம் எப்படிக் கட்டினார்கள் என்று ஹிந்தியில் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காசு கிடையாது, எதுவரை படித்தாய் என்று கேட்பாரும் கிடையாது. இந்த வடக்கத்தி ஊரில் குளிர்காலத்தில் நாங்கள் ஆரஞ்சு உரித்துத் தின்னும் பூங்காவிலுள்ள சமாதியும் அதில் வந்தது. கீழே சதுரம், மேலே எட்டுப் பட்டை, அதன்மேல்தான் குவிமாடம் உட்காருமாம். இத்தனை வருஷம் அதன் நிழலில் இருந்தும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

பாடத்தோடு அந்தச் சமாதியை வெட்டி ஒட்டிப் பொம்மையாக நிறுத்துகிற படமும் இலவசம். கடையில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டி, நவராத்திரிக் கொலுவின் கீழே போடும் பார்க்கில் வைத்தேன்.

சுண்டலுக்கு வந்த எதிர் குவார்ட்டர்ஸ் மாமி குனிந்து பார்த்தாள். "என்ன மாமி, கொலுவுல கப்ரஸ்தானா, இடுகாடா? அதுவும் அவாளோடது."

"போன வருஷம் உங்காத்துல ஏர்போர்ட் வெச்சேளே, அது எந்த சுவாமியோடது?" என்றேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்தால் பார்க் வெறுமையாக இருக்கிறது. சமாதி பால்கனியில் கூலர்மேல் கிடந்தது, குவிமாடம் நசுங்கி.

"யார்ரா எடுத்தது?"

"நான்தாம்மா," என்றான் மகன். "சாயங்காலம் என் ஆபீசரோட ஒய்ஃப் வரா. எதுக்கு வம்பு?"

"கொலுவுல வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி எடுக்கலாமாடா? உங்கப்பாகூடத் தொட்டதில்லை."

மருமகள் நடுவில் வந்தாள். "வெச்சுக்கோங்கோம்மா. யாராவது கேட்டா மண்டபம்னு சொல்லிடுங்கோ."

எடுத்ததைவிட இதுதான் எனக்கு ஆத்திரம். மண்டபம் என்று சொல்லவா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்? குவிமாடத்தை உள்ளேயிருந்து விரலால் தள்ளி நிமிர்த்திப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தாள். இது என்ன என்று ஹிந்தியில் கேட்டாள். மகன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சமாதி என்றேன். யாருடையது என்றாள். அது தெரியாது, பாடத்திலேயே தெரியாது என்றுதான் சொல்கிறார்கள், நீ அந்த எட்டுப் பட்டையைப் பார் என்றேன்.

"அச்சா," என்று சுண்டலை வாங்கிக்கொண்டாள். பார்த்தாளோ என்னவோ.

மகன் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அவனாக வந்து பேசட்டும்.